தகட்டின் பின்பக்கம்

மூன்று வெல்டிங் மிஷின்களையும் மேசைமேல் வரிசையாக எடுத்து வைத்துவிட்டாள் ஜெரூஷா. மதியச் சாப்பாட்டு நேரம். மேற்குத் தாம்பரத்தில் அந்தத் தெருவே தூங்கி வழிந்தது. கடையில் வைத்தீஸ்வரனைத் தவிர வேறு ஆளில்லை.

வீட்டில் வைத்துக் கார் வேலை பார்க்க எந்த மிஷின் சரிப்படும்? அவர் கேட்டது அவ்வளவுதான்.

இந்த வாரத்தில் இதே கேள்வியோடு அவர் ஏறி இறங்கும் மூன்றாவது கடை இது. குரோம்பேட்டையில் ஒருத்தர் ஆர்க் மிஷினே போதும் என்றார். அவர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்போல் இருந்தது. சேலையூரில் ஒருத்தர் போதவே போதாது என்றார். அவரை நம்ப மனசு வரவில்லை. அதனால்தான் இங்கே.

மிஷின்கூட அப்புறம்தான். கார் தரையில் துரு அரித்த இடத்தில் வைத்த ஒட்டு, சீட்டைத் தாங்குமா, தாங்காதா? அது தெரியாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை.

மனுஷர் லேசுப்பட்டவர் இல்லை. முடிச்சூரில் அவர் வீட்டு வாசலை எந்த மெக்கானிக்கும் மிதித்ததில்லை. தண்ணீர் மோட்டார், கிரைண்டர், கேட், எல்லாம் அவர் கைதான். போன ஆயுத பூஜைக்கு மனைவி திரிபுரசுந்தரி காருக்கு முன்னால் அவருடைய ஆர்க் மிஷினுக்குத்தான் முதல் பொட்டு வைத்தாள். பெருமைக்குக் கேட்க வேண்டுமா, அன்று முழுக்க அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஜெரூஷாவுக்கு அவளுடைய அப்பா விட்டுப்போனது இந்தக் கடையும் ஓயாத வாயும். முதல் மிஷினைத் தட்டினாள்.

"ஆர்க்கு, கேட்டு கிரில்லுக்கு ஓகே சார். கார் தகடு அப்பளம் கணக்கா கீது, ராடு பட்டா ஓட்டை வுழும். அதுக்குப் பயந்து கரண்ட்டைக் கொறச்சா, உள்ள புடிக்காது."

அடுத்தது மிக். கம்பியும் கேஸும் தானாக வந்துகொண்டே இருக்கும், மெல்லிய தகட்டுக்கு அதுதான் என்றாள். மூன்றாவது டிக். வேலை அழகாக வரும், ஆனால் கை பழக வருஷக்கணக்காகும், வீட்டு வேலைக்கு எதற்கு அந்தப் பேஜார் என்று அவளே அதை ஓரமாகத் தள்ளிவிட்டாள்.

வைத்தீஸ்வரன் எதையும் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே இரண்டு விரல் அகலத்தில் ஒரு தகட்டுத் துண்டு, ரம்பத்தால் அறுத்தது. நடுவில் வெல்டிங், அதன்மேல் கறுப்புப் பெயின்ட்.

"கார் சீட்டுக்கு அடியில வெச்ச ஒட்டு. இது தாங்குமாம்மா?"

ஜெரூஷா மேலாகப் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கிறது என்றாள். அவருக்கு மூச்சு வந்தது.

பிறகு அவள் தகட்டைத் திருப்பினாள். பின்பக்கத்தில் சூடு பட்ட அடையாளமே இல்லை. உதட்டைப் பிதுக்கினாள். இரண்டு இடுக்கிகளால் இரண்டு முனையையும் பிடித்து, ஒரே ஒரு தடவை மடக்கினாள்.

டப்பென்று பிரிந்துவிட்டது.

அந்தச் சத்தத்தை வைத்தீஸ்வரன் இதற்கு முன்னால் ஒருமுறை கேட்டிருக்கிறார்.

"ஸ்டிக்கர் பொட்டு மாதிரி சும்மா மேலாப்புல ஒட்டிக்கினு இருந்திருக்கு. யார் சார் பண்ணது?"

"தெரிஞ்ச ஆள்தான்."

எந்தப் பக்கத்துச் சீட்டு என்று கேட்டாள். இடது பக்கம் என்றார்.

"வூட்டுல அம்மா உக்கார்ற பக்கமாச்சே. வண்டியை எடுக்காதீங்க சார். மொதல்ல அந்தாளைப் புடிச்சு நாலு வார்த்தை கேளுங்க."

"கேட்டுட்டுதாம்மா இருக்கேன்."

அவள் உடைந்த துண்டுகளைக் குப்பை டின்னில் போடப் போனாள். வைத்தீஸ்வரன் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. மிக் மிஷினுக்கே பில் போட்டுவிடலாமா என்று புத்தகத்தைத் திறந்தாள்.

"வண்டி இல்லம்மா," என்றார்.

வண்டி காயலான் கடைக்குப் போய்விட்டது. அதற்கு முந்தின நாள், ஒட்டில் பெயராமல் மிச்சமிருந்த ஓரத்திலிருந்து அவர் அறுத்து எடுத்து வைத்துக்கொண்டது இந்தத் துண்டு மட்டும்தான்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் மேடவாக்கம் ரோட்டில், முன்னால் போன தண்ணீர் லாரி சட்டென்று பிரேக் போட்டது. கார் அதன் பின்னால் போய் இடித்தது. பெரிய இடி என்று சொல்ல முடியாது. ஹெட்லைட் உடைந்தது, அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. இடது பக்கச் சீட்டு மட்டும் டப்பென்று தரையை விட்டுப் பெயர்ந்து, திரிபுரசுந்தரியோடு முன்னால் போனது. ஆஸ்பத்திரி போகும்வரை உயிர் தாங்கவில்லை.

திடீரென்று பிரேக் போட்டதாக வழக்கு, தண்ணீர் லாரி ஓட்டிய மாரியின் மேல். அவனுக்கு வேலை போனது. அவன் பெண்டாட்டி இரண்டு தடவை முடிச்சூர் வீட்டு வாசலில் நின்று அழுதுவிட்டுப் போனாள். வைத்தீஸ்வரன் கதவைத் திறக்கவில்லை. வரும் திங்கட்கிழமை கோர்ட்டில் அவர்தான் முதல் சாட்சி. ஒட்டு தாங்கியிருக்கும் என்று விஷயம் தெரிந்த யாராவது ஒருத்தர் சொல்லிவிட்டால் போதும், மாரியைக் கைகாட்டிவிட்டு நிம்மதியாக வந்துவிடலாம் என்றுதான் கடை கடையாக ஏறினார்.

இரண்டு துண்டுகளையும் கைக்குட்டையில் வைத்து முடிந்தார். வெட்கமாக இருந்தது. அழுகை வரும்போலவும் இருந்தது.

"ஒட்டு வெச்சது நான்தாம்மா," என்றார்.

ஜெரூஷா பில் புத்தகத்தை மூடினாள்.

வாய்விட்டு அவர் அதைச் சொல்வது இதுதான் முதல் தடவை. திங்கட்கிழமை இதையே இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்ல வேண்டும்.