கட்டில் காலியாகணும்

"நாலு நாள் முடிஞ்சது. கட்டில் காலியாகணும், கிளம்புங்க."

தலைமை நர்ஸ் சொன்னதும் வெல்டருக்குச் சுர்ரென்று ஏறியது. கட்டிலில் அவன் மாமனார். நெஞ்சுச் சளியில் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேச முடியவில்லை.

"மாமாவுக்கு இன்னும் காய்ச்சலே விடலை சிஸ்டர். இது யார் போட்ட சட்டம்?"

"அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்த வெளிநாட்டு பேங்க், ஆஸ்பத்திரியைக் கம்பெனி மாதிரி நடத்தச் சொல்லுச்சு. புது மேனேஜர் வந்தார். நாலு நாளைத் தாண்டினா வார்டுக்கு மார்க் குறையும். நீங்கல்லாம் இப்போ நோயாளி இல்லை, வாடிக்கையாளர்."

"பிடிக்கலைன்னா வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவான். எங்களுக்கு எந்தக் கடை இருக்கு?"

கதவருகே நின்ற மேனேஜரின் ஆள் திரும்பிப் பார்த்தான். நர்ஸ் அசரவில்லை. சக்கர நாற்காலியை இழுத்து, மாமனாரைத் தாங்கி உட்காரவைத்து, போர்வையைச் சுற்றினாள்.

வெல்டர் குறுக்கே நின்றான்.

"என்னைத் தாண்டித்தான் போகணும். இவரைத் தெருவுல விட்டுட்டு என் பெண்டாட்டி முகத்துல எப்படி முழிப்பேன்?"

"வம்பு வேண்டாம் மாப்பிள்ளை…" மாமனார் இருமினார்.

"நீங்க சும்மா இருங்க மாமா. மேனேஜரை ரெண்டுல ஒண்ணு கேக்காம விடமாட்டேன்."

"தாராளமா கேளுங்க. இப்போ வழியை விடுங்க" என்று தள்ளிக்கொண்டு நடந்தாள் நர்ஸ்.

கல்நெஞ்சக்காரி! முணுமுணுத்தபடி பின்னாலேயே ஓடினான். லிஃப்ட், நீள வராந்தா, வெளிவாசல். படியோரச் சரிவில் எட்டி நாற்காலியைப் பிடித்தான்.

"இனிமே நான் பார்த்துக்கறேன். உங்க வேலைதான் முடிஞ்சதே!"

அவள் கையை எடுக்கவில்லை. தெருப்பக்கம் திரும்பாமல், கட்டிடத்தைச் சுற்றிப்போய் அவசர சிகிச்சை வாசலுக்குள் நாற்காலியைத் தள்ளினாள்.

"டாக்டர், புது கேஸ். காய்ச்சல், மூச்சுத் திணறல். என் வார்டுல இப்பதான் ஒரு கட்டில் காலியாச்சு. அங்கேயே அனுப்பிடுங்க."

டாக்டர் மாமனாரின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபடி சிரித்தார். "இன்னைக்கு இது எத்தனாவது புது கேஸ், சிஸ்டர்?"

வெல்டரின் கை தானாகக் குவிந்தது.

"கும்பிடு எனக்கு எதுக்கு தம்பி?" நர்ஸ் முதல்முறையாகச் சிரித்தாள். "மேனேஜருக்குப் போடுங்க. ஒரே வருஷத்துல ரெண்டு மடங்கு பேரைக் குணமாக்கி அனுப்பினாராம். போன வாரம்தான் விருது கொடுத்தாங்க!"