செங்கமலம் வீட்டு நீச்சல் குளம்

"பாத்ரூமை இடிச்சாலும் பரவால்ல, கன்டெய்னரை வெட்டற பேச்சே வேணாம்!"

அறிவழகன் இப்படிச் சொன்னதும் கிரேன் ஓட்டி வந்த சடையப்பன் தலையைச் சொறிந்தான். தெருவில் நிற்கும் லாரியிலிருந்து கன்டெய்னரைத் தூக்கி, வீட்டு மாடியைத் தாண்டி, பின்னால் தோட்டத்தில் இறக்க வேண்டும். தோட்டம் என்பது பேச்சுக்குத்தான். துவைக்கிற கல்லும் குளியலறையும் போக மிஞ்சியது இரண்டு கொடி கட்டித் துணி காயப்போடுகிற இடம்.

"நாலடி வெட்டிட்டா அழகா உக்காந்துடும்ணே. எதுக்கு செவுத்துல கை வைக்கணும்?"

"நாலடி போனா எம் பொண்ணு கையை எங்க நீட்டுவா? நீ கொக்கியை மாட்டு. செவுத்தை நான் பாத்துக்கறேன்."

சொன்ன கையோடு கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன், ஒரு மாதமாக யார் சொல்லையும் கேட்பதில்லை. அக்கம்பக்கமெல்லாம் மொட்டை மாடியில் ஏறிக்கொண்டு செல்போனில் வீடியோ வேறு எடுத்துக்கொண்டிருந்தது.

எல்லாம் மகள் இசைப்பிரியாவுக்காகத்தான். ஊர்க் கிணற்றில் நீச்சல் பழகியவள் அவள். நிலக்கரி எடுக்க ஊரைக் காலி செய்தபோது கிணறும் சேர்ந்தே போனது. இந்தக் காலனியில் ஆளுக்கொரு மனை கிடைத்தது. பெண் மட்டும் நீச்சலை விடவில்லை. பஸ் மாறிப் போய்க் கடலூரில் நீந்தி, மாவட்டப் போட்டியில் ஜெயித்தும் விட்டாள். அடுத்து மாநிலத் தேர்வு. தினமும் தண்ணீரில் இறங்கினால்தான் உருப்படும் என்று சொன்ன கோச், சின்னத் தொட்டியே போதும், இடுப்பில் சைக்கிள் டியூபைக் கட்டி மறுமுனையைச் சுவரில் மாட்டிவிட்டால் இருந்த இடத்திலேயே நீந்தலாம் என்று வழியும் காட்டியிருந்தார்.

தொட்டி கட்ட யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. செங்கமலத்தின் தம்பி மருதமுத்து நல்ல கொத்தனார். "அக்கா பொண்ணுக்கு நான் கட்டித் தர்றேன்" என்று தோட்டத்தில் சுண்ணாம்புக் கோடுகூடப் போட்டுவிட்டான். அறிவழகனும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிக்கொண்டுதான் இருந்தான். ஒருநாள் மைன்ஸில் ஷிப்ட் முடிந்து வந்தவன், சட்டையைக்கூடக் கழற்றாமல், "தொட்டி வேணாம். கன்டெய்னர்தான்" என்றான். ஏன் என்று கேட்டால், விலை விசாரிக்க போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவான். சென்னையில் பழசு ஒன்றைப் பிடித்து, கூரையை அறுத்து, இண்டு இடுக்கெல்லாம் வெல்டிங் வைத்து, உள்ளே நீலப் பெயின்ட் அடித்த பிறகுதான் ஓய்ந்தான்.

"மாமாவுக்கு எங் கை வேலை மேல நம்பிக்க இல்லக்கா" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த மருதமுத்து, இன்று மனசு கேட்காமல் வந்து ஓரமாக நின்றிருந்தான்.

குளியலறைச் சுவர் பொலபொலவென்று விழுந்தது. கன்டெய்னர் மெல்ல எழும்பி மாடிக்கு மேலே வந்தபோது தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது. செங்கமலம் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள்.

"வுடு... வுடு... நிறுத்து! ஒரு ஜாண் இந்தப் பக்கம்!" அறிவழகன் கையை ஆட்டிக் கத்தினான்.

மரக்கட்டைகளின் மேல் தொம்மென்று உட்கார்ந்தது. மாடிகளில் கைதட்டல். இசைப்பிரியா ஏணி வைத்து ஏறி உள்ளே குதித்தாள். தண்ணீர் இல்லாத குளத்தில் அவள் கைவீசி நடப்பதைப் பார்த்ததும் செங்கமலத்துக்கு அத்தனை கோபத்திலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மருதமுத்துவுக்கும் மனசு இளகியது. "சரி மாமா, வந்தது வந்துடுச்சி. அடியில காங்கிரீட் போட்டு, சுத்தி செங்கல் வச்சிப் பூசிடறேன். அசையாம நிக்கும்."

"வேணாம் மச்சான். கட்டை மேலயே இருக்கட்டும்."

அவ்வளவுதான், செங்கமலத்துக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "என்னாங்க நெனச்சிகினு இருக்கீங்க? எந் தம்பியும் கட்டித் தர்றேன்னு எத்தினி தடவ கேப்பான்? சொந்த வூட்டுல நெலையா ஒண்ணு கட்டறதுக்கு என்னா கேடு? வாடகைக்குக் குடியிருக்கறவன்கூட இப்பிடிப் பண்ண மாட்டான்!"

அறிவழகன் மகள் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான். கையிலிருந்த செங்கல் தூசியை வேட்டியில் துடைத்தபடி இரண்டு பேரையும் அருகில் கூப்பிட்டான்.

"வெளிய மூச்சு வுடாதீங்க, இன்னும் யாருக்கும் சொல்லல" என்றான், தணிந்த குரலில். "பின்னாடி முந்திரித் தோப்புல எங்க மைன்ஸ் கேங்குதான் போர் போட்டுப் பாத்துச்சி. தண்ணிக்குன்னு காலனியே நெனச்சிகினு இருக்குது. நம்ம வூட்டுக்கு அடியிலயும் கரி இருக்குது மச்சான். கெணத்தைத்தான் தூக்கினு வர முடியல, இதையாவது தூக்கினு போயிடலாமில்ல?"