இரண்டாவது எடை

லோரி எடை மேடையில் ஏறியதும் சாவடியின் கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது.

உள்ளே எடை போடும் லோஷினி அண்ணாந்து பார்த்தாள். செம்பனைக் குலைகளைக் கொட்டிவிட்டுக் காலியாக வந்திருந்தது லோரி. ஓட்டுநர் ஹேமநாதன். பக்கத்தில், கால் எட்டாமல் உட்கார்ந்திருந்தாள் அவருடைய மகள்.

"எறங்கு ஷர்மினி, சொன்னா கேளு லா!"

"மாட்டேன். மேல இருந்தாத்தான் எல்லாம் தெரியுது."

உண்மைதான். லோஷினிக்குத் தெரியாததா?

சின்ன வயதில் பள்ளி விடுமுறை விட்டால் அவளும் தம்பி தீபனும் அம்மாவும் அப்பாவின் லோரியில் ஏறிவிடுவார்கள். லாயாங் லாயாங் தோட்டத்திலிருந்து பெக்கோக் எண்ணெய் ஆலை வரை. பள்ளிக்கூடத்தில் பெருமை பீற்றிக்கொள்ளும் பிள்ளைகளின் கார்களெல்லாம் அவள் காலுக்குக் கீழே ஓடும். ஆலையின் புகைபோக்கியைக் காட்டி, மேகங்களை இங்கேதான் செய்கிறார்கள் என்று தம்பிக்குச் சொன்னாள். அவன் நம்பினான். அவளும்தான் நம்பினாள்.

எடை மேடை அதைவிடப் பெரிய அதிசயம். பத்து டன் பழத்தையும் தம்பியையும் ஒரே தட்டில் நிறுக்கிற இயந்திரம்! அசையக் கூடாது என்பார் அப்பா, கோயிலில் பேசுகிற குரலில். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். சிவப்பு எண்கள் ஓடி ஓடி நிற்கும்.

பழத்தைக் கொட்டியபின் காலி லோரிக்கு மறுபடியும் ஓர் எடை. அதற்கு மட்டும் அவர்களை இறக்கிவிடுவார். ஏன் என்று அவள் கேட்டதில்லை. அப்பா செய்தால் அதில் ஏதோ பெரிய விஷயம் இருக்கும்.

குடும்பத்தின் முதல் பட்டத்தை வாங்கிக்கொண்டு இந்தச் சாவடிக்கு வேலைக்கு வந்த அன்றுதான் விஷயம் புரிந்தது. முதல் எடையில் இரண்டாவதைக் கழித்தால் மிச்சம் பழம். ஓட்டுநருக்கு டன்னுக்கு இவ்வளவு என்று கூலி.

அப்படியென்றால் ஏழு வயதில் அவள் இருபது கிலோ பழம். தம்பி பதினைந்து. அம்மா அறுபது.

ஆத்திரம் பொங்க அப்பாவுக்குப் போன் அடித்தாள். "சாப்பிட்டியாம்மா?" என்றார். வைத்துவிட்டாள்.

இப்போது லோரிக்குள் ஓட்டுநரைத் தவிர யாரும் இருக்கக் கூடாது என்பது விதி. கண்டும் காணாமல் விட்டால் அவள் வேலையும் போகும். அரை மணி நேரத்துக்கு முன், முதல் எடையின்போதே சிறுமியை இறக்கச் சொல்லியிருக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த முகத்தைப் பார்த்ததில் கை தானாகப் பொத்தானை அழுத்திவிட்டது.

நல்லவேளை, சிறுமி இறங்க மறுக்கிறாள். இப்படியே அழுத்தினால் கணக்கு நேராகிவிடும். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

ஹேமநாதன் வேர்த்து வழிய மகளையும் சாவடியையும் மாறி மாறிப் பார்த்தார். வாய்விட்டுக் கெஞ்சினால் குட்டு உடைந்துவிடும்.

லோஷினி திரையைப் பார்த்தாள். டன்னுக்கு என்ன கூலி என்று அதில் இருந்தது. அப்பா காலத்தில் இருந்த அதே கூலி.

ஜன்னலைத் திறந்தாள்.

"ஷர்மினி, இங்க வாம்மா. நம்பர் எப்படி ஓடுதுன்னு உள்ள வந்து பாரு."

சிறுமி குதித்து ஓடிவந்தாள். லோஷினி அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். சிவப்பு எண்கள் ஓடின. சிறுமி வாயைப் பிளந்தாள்.

"அக்கா, இதெல்லாம் நீங்கதான் செய்றீங்களா?"

லோஷினி பொத்தானை அழுத்தினாள்.

பார்த்தால் தெரியவில்லை, சிறுமி நல்ல கனம்.