மூன்றில் இரண்டு பங்கு

"பதினெட்டுப் பேர்ல பன்னெண்டு 'சரி' சீட்டு வேணும். வந்தது பதினொண்ணு" என்றார் தலைவர்.

டாக்ஸி ஓட்டுநர் சங்கக் கூடத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"சரின்னவங்கதானே ஜாஸ்தி? அப்புறம் என்ன?" என்றது ஒரு குரல்.

"சாதாரணத் தீர்மானம்னா பாதிக்கு மேல போதும். விதியை நிறுத்தி வைக்கணும்னா, வந்திருக்கறவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு வேணும். நான் எழுதின விதியா இது?"

தொடர்ந்து மூன்று மாதக் கூட்டங்களுக்கு வராதவர் பெயர் நீங்கிவிடும் என்பது விதி. சைலன்ஸர் என்று எல்லோரும் கூப்பிடும் ஓட்டுநர் போன மூன்றுக்கும் வரவில்லை. மனைவி மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அதை எழுதிக் கொடுத்து அவகாசம் கேட்கவும் கூச்சம். ஹார்ன் அடிக்கக்கூடக் கூச்சப்படுவார், அதனால்தான் அந்தப் பெயர்.

பத்தொன்பது வருடங்கள் ஓடிய வண்டி. நாளை முதல் ஸ்டாண்டில் நிற்க முடியாது. புதிதாகச் சேர நான்கு வருட வரிசை.

வாசலில் ஒவ்வொருவராக வந்து அவர் கையைப் பிடித்தார்கள்.

"நான் உங்களுக்குத்தாண்ணே போட்டேன்."

"என் புள்ளை மேல சத்தியமா சரின்னுதான் எழுதினேன்."

அவர் தலையைக் குனிந்தபடியே ஆட்டினார். வண்டியில் ஏறியதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சானிடம் வெடித்தார். அவன்தான் சங்கச் செயலாளர்.

"எல்லாரும் சத்தியம் பண்ணிட்டாங்க. நீ மட்டும் வாயே திறக்கல."

"மாமா..."

"அந்த விதியை எழுந்து நின்னு படிச்சது யாரு? நீதானே?"

"செயலாளர்தான் படிக்கணும் மாமா."

"கமா, ஃபுல்ஸ்டாப் விடாம படிச்ச. அக்கா புருஷன்னு சலுகை காட்டிட்டான்னு நாலு பேர் பேசிடுவாங்கன்னு பயம். அதான் கவுத்துட்ட."

"மாமா, சீட்டை எண்ணினது நான். அதுல ஒண்ணு..." என்று ஆரம்பித்தவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். காது சிவந்திருந்தது.

"பாத்தியா, முகத்தைப் பாத்துப் பேச முடியல உன்னால."

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அவன் முதலில் இறங்கினான்.

கதவைத் திறந்த மனைவிக்கு இரண்டு முகங்களையும் பார்த்ததும் புரிந்துவிட்டது. "எத்தனை ஓட்டுல?"

"ஒண்ணு. உன் தம்பியைக் கேளு. இனிமே இவன் இந்த வாசப்படி ஏறக்கூடாது."

அவள் தம்பியைப் பார்த்தாள். "டேய், போட்டியா இல்லையா?"

"போட்டேன்க்கா."

"பொய்" என்றார் அவர்.

அவள் சுவரைப் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். "உங்களுக்கும் சீட்டு குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. கூட்டம் முடியற வரைக்கும் நானும் உறுப்பினர்தானே."

"நீங்க என்ன எழுதினீங்க?"

"நான் என்னத்தை எழுதறது? எனக்கு நானே சரின்னு எழுதிக்க வெக்கமா இருக்காதா? வெறும் தாளை மடிச்சுப் போட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான், பதினொன்றோடு ஒன்றைக் கூட்டிப் பார்த்தார்.