வெளியே புடைத்த கதவு

அஸர் தொழுகைக்குப் பிந்திய வெயில் பேரீச்சைகளின் ஊடே சாய்ந்து, முற்றத்தில் நிற்கும் பழைய லேண்ட் குரூசரின் மேல் வரிவரியாக விழுகிறது. கழற்றிய கதவுகள் பாயில் கிடக்கின்றன. கல்ஃபான் உப்புத்தாளால் துருவைத் தேய்க்கத் தேய்க்க, அவருடைய நரைத்த தாடி காவியேறிக்கொண்டே போகிறது. மகள் காலியா சுத்தியலால் ஒடுக்கெடுக்கிறாள். சாம்பிராணி புகையும் தூபக்காலோடு வந்த அவள் தாய் ஸுவைனா, பின்கதவின் மேல் சுத்தியல் ஓங்குவதைக் கண்டு அப்படியே நிற்கிறாள். அதற்குள் காலியாவே கையை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள்.

“எல்லா ஒடுக்கும் உள்ள போயிருக்கு. இது மட்டும் ஏம்ப்பா வெளிய புடைச்சிருக்கு?”

“உங்கம்மா உதைச்சது. எனக்கு விழவேண்டிய உதை. பாவம், வண்டி வாங்கிக்கிச்சு.”

“சும்மா சொல்லாதீங்கப்பா!”

“நெசமாத்தான். ஆத்துல வெள்ளம், நடுவழியில மாட்டிக்கிட்டோம். நீயோ ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் பொறுக்கல.”

“பேச்சைப் பாரு!” என்கிறாள் ஸுவைனா. “வெளிய மழையில நின்னு என்னைவிட அதிகமா அழுதது யாராம்?”

கல்ஃபான் தலையைக் குனிந்து, தேய்த்த இடத்தையே மறுபடி தேய்க்கிறார். காலியா சுத்தியலைக் கீழே வைக்கிறாள். இரண்டு பேராகப் போனவர்களை மூன்று பேராகக் கரைசேர்த்த வண்டி அது. பேறுகாலத்தில் பிள்ளைக்குக் காட்டிய அதே தூபத்தை ஸுவைனா குனிந்து கதவைச் சுற்றிக் காட்டுகிறாள். புகை புடைப்பின் மேல் ஏறி வழிகிறது. காலியா செருப்பை உதறிவிட்டு, கதவைப் புரட்டிப்போட்டு, உட்புறக் குழியில் தன் குதிகாலை மெல்லப் பதித்துப் பார்க்கிறாள். கச்சிதமாகப் பொருந்துகிறது. கூசுவதென்னவோ ஸுவைனாவின் குதிகால்.