முன்னால் போன ஓட்டோ

மசூர் சொன்ன எதையும் கிளெய்டன் காதில் வாங்கவில்லை.

கல்முனையில் மசூரிடம் கார் வாடகைக்கு எடுக்கிறவர்கள் சாவியோடு கொஞ்சம் புத்திமதியையும் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். இங்கே இடதுபக்கம்தான் ஓட வேண்டும். எதிரே வருகிறவன் லைட் அடித்தால் ‘நீ வா’ என்று அர்த்தமில்லை, ‘நான் வாறன், நீ நில்’ என்று அர்த்தம். ஹோர்ன் அடித்தால் ஏசுகிறான் என்று நினைக்கக் கூடாது, பக்கத்தில் வருவதைச் சொல்கிறான். மாடு படுத்திருந்தால் சுற்றித்தான் போக வேண்டும், அது எழும்பாது.

கிளெய்டனும் கல்முனையில் பிறந்தவன்தான். பத்து வயதில் கனடா போனவன் ஸ்டியரிங்கைத் தொட்டதெல்லாம் அங்கேதான். தம்பிலுவிலில் இருக்கும் தன் வீட்டுக்கு ஒரு டிரைவரை வைத்துக்கொண்டு வாங்கோ என்று மாமியார் கிருபாமலர் கெஞ்சிப் பார்த்தார். மருமகனோ பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நின்றான். மாமியார் வாசலில் தானே காரைக் கொண்டுபோய் நிறுத்தினால்தான் அவனுக்கு மரியாதை.

“பதினெட்டு வருஷமா டொரொண்டோவில ஓடுறன். பனிக்குள்ள ஓடினவனுக்கு இந்த ரோட்டு ஒரு ரோட்டா?” என்றான்.

மசூர் சிரித்தார். பின் சீட்டில் இருந்த ஆறு வயது மகளை ஒருமுறை பார்த்தார்.

“இன்ஷா அல்லாஹ், நல்லபடியாப் போய்ச் சேருங்க தம்பி.”

கார் ரோட்டில் ஏறியதும் எதிரே வந்த வான் ஒன்று சடாரென்று மண்ணில் இறங்கி ஒதுங்கிப் போனது.

“ஒரு ரூல்ஸும் தெரியாத ஆக்கள்,” என்றான் கிளெய்டன். மனைவி மேர்சியா திரும்பி மகளுக்கு பெல்ட் போட்டுக்கொண்டிருந்ததால் ஒன்றையும் பார்க்கவில்லை.

அடுத்த நிமிடமே பின்னாலிருந்து ஒரு ஓட்டோ கடகடவென்று வந்தது. காரை வெட்டி முன்னால் புகுந்து, இடதுபக்கமாக ஒதுங்கியது. கிளெய்டன் பிரேக்கைப் போட்டு அதன் பின்னாலேயே ஒதுங்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு ஓட்டோவுக்கு ஆமை வேகம்.

சாய்ந்தமருது, காரைதீவு என்று ஊர்கள் ஒவ்வொன்றாகக் கடந்தும் ஓட்டோ விலகவில்லை. மாட்டைக் கண்டால் தூரத்திலேயே சிக்னல் போட்டது. மஞ்சள் கோட்டில் நின்று கடைசிப் பள்ளிக்கூடப் பிள்ளை கடக்கும்வரை அசையவில்லை. கிளெய்டன் ஹோர்னை அமத்தினால், ஓட்டோக்காரர் திரும்பிப் பார்க்காமலே கையைத் தூக்கி ஒரு நன்றி சொன்னார். கிளெய்டனுக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது.

நிந்தவூரில் எதிரே ஒரு லொறி லைட் அடித்தது. வழி விடுகிறான் என்று கிளெய்டன் காரை வலதுபக்கம் எடுத்தான். உடனே ஓட்டோவும் வலப்பக்கம் சாய்ந்து மறித்தது. உள்ளேயிருந்து ஒரு கை வெளியே நீண்டு, வராதே என்று ஆட்டியது. கிளெய்டன் பல்லைக் கடித்துக்கொண்டு பின்வாங்கினான். லொறி இரைந்துகொண்டு பக்கத்தால் போனது.

“லொறிக்காரன் வழி விட்டாலும் இவன் விடுறானில்ல,” என்றான்.

“அந்த மனிசன் கவனமாத்தானே ஓடுறார்,” என்றாள் மேர்சியா.

“நீ அவர்ட பக்கம் கதைக்காத.”

அக்கரைப்பற்று தாண்டி ஒரு தேத்தண்ணிக் கடையில் ஓட்டோ ஒதுங்கியது. கிளெய்டன் விடவில்லை. காரைப் பின்னால் நிறுத்தி, இறங்கிப் போய், லைசன்ஸ் இருக்கிறதா, ரோட்டு உங்கட வாப்பா வீட்டுச் சொத்தா என்று பொரிந்து தள்ளினான். நாற்பது வயது மதிக்கத்தக்க அந்த ஓட்டோக்காரர் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டார்.

“ஓம் தம்பி, பிழைதான். இனி முன்னுக்கு வரமாட்டன்,” என்றவர், கொஞ்சம் யோசித்து, “நீங்க இப்ப நல்லா ஓடுறீங்க,” என்றும் சொல்லிவிட்டார்.

இவரிடம் சர்டிபிகேட் வாங்கவா கனடாவிலிருந்து வந்தேன் என்று மேர்சியாவிடம் புறுபுறுத்துக்கொண்டே கிளெய்டன் காரை எடுத்தான். தம்பிலுவிலில் வலதுபக்கம் ஒழுங்கைக்குள் திரும்பும்போது கார் பிசகாமல் இடது ஓரத்தைப் பிடித்தது. வாசலில் காத்திருந்த மாமியார் மருமகனை வியந்து பார்த்தார்.

உச்சி குளிர்ந்தவன், அதே சூட்டில் மசூருக்குப் போன் எடுத்தான். உங்கட புத்திமதியை முதலில் உங்கட ஊர் ஓட்டோக்காரருக்குச் சொல்லுங்கள் என்று, ஓட்டோவின் நம்பரையும் கொடுத்தான்.

அந்தப் பக்கம் நம்பரைத் திருப்பிச் சொல்லிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

“அது எங்கட மச்சினன் றிஸ்கான்ட ஓட்டோ,” என்றார் மசூர். “எங்கட கேட்டுக்கு வெளிய வந்த உடனே நீங்க வலதுபக்கத்தால ஏறி, நேரா அந்த வானுக்கு முன்னுக்குப் போனீங்க. பின்னால பிள்ளை இரிக்கி. எனக்கு நெஞ்சு பதறிட்டு. அதான் அவன்ட வாடகை ஓட்டத்தை விட்டுட்டு உங்களுக்கு முன்னால போகச் சொன்னன்.”

கிளெய்டன் வாசலில் விளையாடிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தான்.

“என்னட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே...”

“சொன்னனே தம்பி, நீங்க கேக்கல்ல. ஆனா முன்னால ஒருத்தன் மெதுவாப் போனா, ஏசிக்கிட்டாவது பின்னால போவீங்கதானே.”