அளவு ரவிக்கை

தையல்காரன் பழைய ரவிக்கையின் மேல் புதியதை விரித்தான்.

தையல் மேல் தையல் உட்கார்ந்தது.

"நீங்க குடுத்த அளவுதான் டீச்சர்."

"அப்புறம் ஏன் எனக்குச் சேரல? மூணாவது தடவை. வயித்துல கொக்கி எட்டல. கை மட்டும் தொளதொளன்னு தொங்குது. வயசானது உங்க மெஷினுக்கா, கண்ணுக்கா?"

அவன் சிரிக்கவில்லை.

பதினெட்டு வருடங்களாக அவள் மேல் அவன் டேப் வைத்ததில்லை. நிமிர்ந்து பார்த்ததும் இல்லை. அளவுக்கு ஒரு ரவிக்கை வரும். அதை வைத்து வெட்டுவான். அவனுக்குத் தெரிந்த டீச்சர் அந்தத் துணிதான்.

புதியதைத் திருப்பினான்.

பின்கழுத்துக்குக் கீழே தையல் விட்டிருந்தது. உள்ளிருந்து ஏதோ முட்டியதுபோல.

உடம்பு போட்டால் முதலில் கைதான் இறுகும். இவளுக்கோ கை மெலிந்திருக்கிறது.

அவனுடைய கை நின்றது.

முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். உருண்டு, கன்னம் சிவந்து, பளபளவென்று இருந்தது.

சுவரில், மாலைக்குள், அவன் மனைவியின் முகமும் அப்படித்தான் இருந்தது. வருகிறவர்கள் எல்லாம் நல்ல பூரிப்பு என்பார்கள்.

மனைவிக்கும் பின்கழுத்தில் இப்படித்தான் தையல் விட்டது. நான்கு முறை பிரித்துத் தளர்த்திக் கொடுத்திருந்தான். நான்கு முறையும் கேலி பேசிக்கொண்டே.

ஐந்தாவது முறை புதிதாகவே தைத்தான். அதற்குக் கொக்கி வைக்குமுன் அவள் போய்விட்டாள்.

"உள்ள துணி விட்டுருப்பீங்கல்ல? பிரிச்சுக் குடுங்க. வெள்ளிக்கிழமை ஆண்டு விழா."

கத்திரியைத் தள்ளி வைத்தான்.

"பிரிக்க மாட்டேன் டீச்சர். கழுத்துக்குப் பின்னாடி மேடு தட்டிருக்கு. முதல்ல பெரிய டாக்டர் யாரையாவது பாருங்க."



சுவரைக் காட்ட நினைத்தான். கை எழவில்லை.

அவள் முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷமா மரியாதையான மனுஷன்னு நெனச்சிருந்தேன்."

புதிய ரவிக்கையைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கினாள். மூன்றே படி. கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொன்றிலும் நின்று இறங்கினாள்.

எதிர்வரிசையில் புதிதாக ஒரு தையல் கடை. கண்ணாடிக் கதவு. உள்ளே போனாள். அங்கே ஒரு பெண் சிரித்து, ரவிக்கையை வாங்கி, உட்புறம் திருப்பிப் பார்த்துத் தலையசைத்தாள்.

பழைய ரவிக்கை இவன் மேசையிலேயே கிடந்தது.

எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான். இந்தமுறை சுவரிலிருந்த படத்தையும் கழற்றியிருந்தான்.

தெருவைக் கடப்பதற்குள் பேருந்து ஒன்று குறுக்கே வந்து நின்றது.

அது நகர்ந்தபோது, எதிர்க்கடையில் அந்த ரவிக்கையின் மேல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.